எந்தக் கை என்று கேட்காதவர்

தணிகாசலம் போய்விட்ட செய்தியை நம் மருத்துவமனைக்கு முதலில் சொன்னவன் நான். அதனாலேயே யாரும் நம்பவில்லை.

ஊரப்பாக்கம் ரயில் நிலையத்தில் செங்கல்பட்டு வண்டிக்காக நின்றிருந்தேன். கையில் பாதி கடித்த வடை. அவருடைய மைத்துனர் அழைத்தார். "மாமா காத்தால எழுந்துக்கவே இல்ல சார்" என்றார். நம் ஊழியர்களின் வாட்ஸப் குழுவில் தினமும் காலையில் ஒரு ஜோக் போடுகிறவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் அன்று "தணிகாசலம் காலமானார்" என்று போட்டேன். கேன்டீன் பாபு உடனே ஒரு சிரிக்கும் முகத்தை அனுப்பினார். வசந்தா மேடம், "இதிலெல்லாமா விளையாடுவீங்க? அவர் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில் நல்லா இருக்கார்" என்று கோபித்துக்கொண்டார். கோபத்தில் நியாயம் இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் அவரை நாம் எல்லோரும் சேர்ந்து சக்கர நாற்காலியில் வைத்து, கைதட்டி, வீட்டுக்கு அனுப்பியிருந்தோம்.

கடைசியில் லேப் கலைச்செல்வி போன் செய்தது. "சார், சும்மாதான சொன்னீங்க?" என்று கேட்டது. செங்கல்பட்டு வண்டி வந்தது, நின்றது, போனது. நான் பேசாமல் இருந்து அந்தப் பெண் ஒரு நாளும் பார்த்ததில்லை. புரிந்துகொண்டுவிட்டது. "சரி சார். மத்தவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்" என்று வைத்துவிட்டது.

மருத்துவமனையின் மக்கள் தொடர்பு அலுவலர் என்ற பெயரில் ஊர் வம்பையெல்லாம் சேகரித்து விநியோகிக்கிறவன் நான். தணிகாசலம் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டவர். அதாவது, ஒரு கம்ப்யூட்டரில் சொன்னது இன்னொரு கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அவர் பொறுப்பு. யாரிடம் எதைச் சொன்னாலும் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்பது என்னுடைய புகழ். "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதான் மச்சான். உன்னுதுல ஒயர் இல்ல, அவ்ளோதான்" என்பார்.

அவர் இல்லாத இந்த நாட்களில்தான் அவர் வேலை என்னவென்று பலரும் என்னைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். நம் கட்டடத்தில் மாடிக்கு மாடி ஒரு ஒயர்ப் பெட்டி இருக்கிறது. சுவிட்ச் என்பார்கள். வரிசையாக ஓட்டைகள், ஓட்டைக்கு ஓர் ஒயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி விளக்கு. பார்வைக்கு ஒரே பெட்டிதான். ஆனால் அதற்குள் தெருத் தெருவாகப் பிரித்து வைத்திருந்தார். பில்லிங்குக்கு ஒரு தெரு, லேப்புக்கு ஒரு தெரு, கேமராவுக்கு ஒரு தெரு, நோயாளியைப் பார்க்க வருகிறவர்களின் வைஃபைக்கு ஒரு தெரு. ஒரு தெருவில் பேசுவது அடுத்த தெருவுக்குக் கேட்காது. கேட்கவும் கூடாது. அவர்கள் தொழிலில் அதற்கு வீலான் என்று பெயர். எந்த ஓட்டை எந்தத் தெருவுக்கு என்பது முன்கூட்டியே எழுதி வைத்த ஏற்பாடு. ஒயரைத் தப்பான ஓட்டையில் செருகினாலும் விளக்கு பச்சையாகத்தான் எரியும். பேச்சு மட்டும் போய்ச் சேராது. இந்தப் பச்சை விளக்கை நம்பி ஏமாந்தவர்கள் நம்மில் அநேகம் பேர். "லைட் எரியுதே சார்!" என்று நாம் ஒவ்வொருவரும் அவரிடம் சண்டைக்குப் போயிருக்கிறோம்.

"லைட்டு எரிஞ்சா உசுரு கீதுன்னு அர்த்தம். பேசுதுன்னு அர்த்தம் இல்ல" என்பார் அமைதியாக.

அடுத்து அவர் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "இந்த ஒயரு முன்னாடி எங்க இருந்துச்சு?" யாராவது மேசையை நகர்த்தியிருப்பார்கள். ஜன்னலோர நாற்காலிக்கு ஆசைப்பட்டு யாராவது கம்ப்யூட்டரோடு இடம் மாறியிருப்பார்கள். அதையெல்லாம் கேட்டுக்கொள்வார். மாற்றியது யார் என்று மட்டும் கேட்கவே மாட்டார். எனக்கோ அது ஒன்றுதான் வேண்டும்.

ஒருமுறை மாமல்லபுரத்துக் கிளினிக்குக்கு அவருடைய வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். அங்கே நமக்கு வந்த புது எக்ஸ்ரே மெஷினின் படங்கள் செங்கல்பட்டு மருத்துவமனைக்கு வந்து சேரவில்லை. எனக்கு அங்கே வேலை எதுவும் கிடையாது. கிளினிக்குக்கு எதிரே வறுத்த வஞ்சிரம் கிடைக்கும், அதுதான் என் பணி. என் எடையில் திருக்கழுக்குன்றம் ஏரிக்கரை மேட்டில் வண்டி முனகியது. "மச்சான், நீ எறங்கி நட. நான் மெதுவா ஓட்டிகினு வரேன்" என்றார்.

கிளினிக்கில் மெஷின் கம்பெனி ஆள் ஒயரை மாற்றி, ஓட்டையை மாற்றி, மெஷினையே அணைத்துப் போட்டு ஓய்ந்திருந்தான். வெளியே பெஞ்சில் தேவனேரியைச் சேர்ந்த மீனவர் ஒருவர், வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படகுக்கும் கரைக்கும் நடுவே நசுங்கிய கை. படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய டாக்டர் செங்கல்பட்டில் இருந்தார். தணிகாசலம் அந்த மீனவரிடம் "வலி எப்டி கீது அண்ணாத்த?" என்று கேட்டுவிட்டுத்தான் லேப்டாப்பைத் திறந்தார். ஓட்டை சரி. தெருவும் சரி. பிறகு, கிளினிக்கையும் செங்கல்பட்டையும் இணைக்கிற பெரிய ஒயரைப் பார்த்தார். எல்லாத் தெருக்காரர்களின் பேச்சையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போகிற ஒயர் அது. எந்தெந்தத் தெருவை ஏற்றலாம் என்று அதற்குச் சொல்லி வைத்திருக்க வேண்டும். எக்ஸ்ரே தெருவை மட்டும் சொல்ல விட்டுப்போயிருந்தது.

"பஸ்ஸு ஓடிகினுதான் கீது. இந்தத் தெரு ஜனத்த ஏத்திக்கன்னு கண்டக்டராண்ட யாரும் சொல்லல" என்றார். ஒரே ஒரு வரி தட்டினார். சற்று நேரத்தில் செங்கல்பட்டிலிருந்து டாக்டர் அழைத்தார். எலும்பு முறியவில்லை. அந்த மீனவர் எழுந்து, நல்ல கையால் தணிகாசலத்தின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

"சொல்ல மறந்தது யாருய்யா?" என்று மீன் சாப்பிடும்போது கேட்டேன். "மீனு ஆறுது, துன்னு" என்றார். திரும்பும் வழியெல்லாம் கேட்டேன். திருக்கழுக்குன்றத்தில் டீ வாங்கிக் கொடுத்தும் கேட்டேன். இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது அந்த ஆயுத பூஜைக்கு வருகிறேன். நீங்கள் எல்லோரும் அதில் இருந்தவர்கள்தான். ஆனாலும் நடுவில் நடந்ததை முழுதாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு பாபு வேறு மாதிரி சொல்லிவிடுவார்.

நம் நிர்வாகப் பிரிவுக் கண்காணிப்பாளர் வசந்தா மேடம் எதைச் செய்தாலும் குறை இல்லாமல் செய்கிறவர். அந்த வருடம் ஆம்புலன்ஸைக் கழுவினார்கள், தராசைத் துடைத்தார்கள், ஸ்டெதஸ்கோப்புக்குப் பொட்டு வைத்தார்கள். அப்புறம் மேடத்தின் கண் புறநோயாளிகள் பகுதியிலிருந்த ஒயர் அலமாரி மேல் விழுந்தது. உள்ளே சுவிட்சின் தலையில் ஒரு விரல் தூசி. "இதுவும் ஆயுதம்தானே? பாவம், வருஷம் பூரா வேலை செய்யுது" என்று கதவைத் திறந்தார். தணிகாசலம் அன்று மாமல்லபுரத்துக் கிளினிக்கில் பூஜை வேலையில் இருந்தார். துப்புரவுப் பெண்கள் அத்தனை ஒயரையும் கழற்றினார்கள். பெட்டியைத் துணியால் துடைத்தார்கள். ஓட்டைக்கு ஓட்டை சந்தனம், குங்குமம். பிறகு ஒயரைத் திரும்பச் செருக வேண்டுமே! எது எங்கே இருந்தது என்று யாருக்கு ஞாபகம்? நிறத்துக்கு நிறம் சேர்த்தார்கள். நீலமெல்லாம் ஒரு பக்கம், மஞ்சளெல்லாம் ஒரு பக்கம், ஓரத்தில் சிவப்பு. பட்டுப் புடவைக் கரை மாதிரி இருந்தது. எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தது. மேடம் கற்பூரம் காட்டினார். நான் சுண்டல் சாப்பிட்டேன்.

மறுநாள் அந்தப் பகுதிக்கு விடுமுறை. உள்ளே லேப் மட்டும் திறந்திருந்தது, கலைச்செல்வி தனி ஆளாக. செய்யூரிலிருந்து பஸ் மாறி மாறி வருகிற பெண். வேலைக்குச் சேர்ந்து இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. வார்டில் இருந்த ஒரு பெரியவரின் ரத்தத்தைச் சோதித்து, முடிவை கம்ப்யூட்டரில் அனுப்பிவிட்டு, அடுத்த வேலையைப் பார்த்தது. வார்டுக்கு முடிவு போகவில்லை. வார்டில் காத்திருந்தார்கள். லேப்பில் கலைச்செல்வி அனுப்பியாயிற்று என்று இருந்தது. டாக்டரே நேரில் வந்து சத்தம் போட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. பெரியவர் பிழைத்துக்கொண்டார். அவருடைய மகன்கள் சும்மா விடவில்லை. கத்தினார்கள், போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். யாராவது ஒருவரை வேலையை விட்டு அனுப்பியே ஆக வேண்டும் என்ற நிலைக்கு வந்துவிட்டது.

"நான் அனுப்புனேன் சார். சத்தியமா அனுப்புனேன்" என்று அழுதது கலைச்செல்வி. அனுப்பியிருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்டார் நிர்வாக அதிகாரி.

மறுநாள் காலை தணிகாசலம் வந்தார். அலமாரிக் கதவைத் திறந்ததும் ஓர் அடி பின்னால் போய் நின்றார். "அடியம்மா! யாருடி உன்ன இப்டி சிங்காரிச்சது?" என்றார் சுவிட்சைப் பார்த்து. ஓர் ஓட்டைக்குள் காய்ந்திருந்த சந்தனத்தைச் சுரண்டி மோந்து பார்த்தார். பன்னீரில் குழைத்த சந்தனம். நம் ஆஸ்பத்திரியில் சந்தனத்தைப் பன்னீரில் குழைப்பவர் வசந்தா மேடம் ஒருவர்தான். தணிகாசலத்துக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவர் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தரையில் குந்தி, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டார்.

எந்த மெஷின் எந்த ஓட்டையில் பேசுகிறது என்பது சுவிட்சுக்குத் தெரியும். ஒவ்வோர் ஒயரும் எப்போது கழன்றது, எப்போது திரும்பச் சேர்ந்தது என்பதும் அதற்கு ஞாபகம் இருக்கும். லேப் கம்ப்யூட்டர், வருகிறவர்களின் வைஃபைத் தெருவில் போய் உட்கார்ந்திருந்தது. அனுப்பிய முடிவு வழி தெரியாமல் லேப்பிலேயே காத்துக்கொண்டிருந்தது. முக்கியமான விஷயம் இதுதான். கலைச்செல்வி அனுப்புவதற்கு முந்தின நாளே அந்த ஒயர் தெரு மாறிவிட்டது.

நிர்வாக அதிகாரியின் அறையில் அவர் இதைச் சொன்னபோது நானும் இருந்தேன். பெரியவரின் மகன்களைச் சமாதானப்படுத்த என்னை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"அப்ப ஒயரைப் பிடுங்கினது யார்?" என்றார் அதிகாரி.

"எந்த ஓட்டைன்னு கேளுங்க சார், சொல்றேன். எந்தக் கைன்னு கேக்காதீங்க."

"தணிகாசலம், பெயர் இல்லாம நான் மேல பதில் சொல்ல முடியாது. நீங்க பெயர் தரலைன்னா அந்தப் பொண்ணு பெயர்தான் போகும்."

எனக்கு நாக்கு நுனியில் பன்னீர் வாசனை அடித்தது. தணிகாசலம் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"அப்ப என் பேரு போடுங்க சார். கதவப் பூட்டாதவன் நான்தான?"

"யோசிச்சுத்தான் பேசறீங்களா? வேலைக்கே ஆபத்தா முடியும்."

"யோசிச்சிட்டேன் சார். அந்தப் பொண்ணு அனுப்புச்சி. அத மட்டும் தெளிவா எழுதிக்கோங்க."

அறையை விட்டு வெளியே வந்தேன். கேன்டீனுக்குப் போனேன். வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்னது சந்தனத்தைப் பற்றித்தான், இதைப் பற்றி இல்லையே என்று எனக்கு நானே சட்டம் பேசிக்கொண்டேன். "தணிகாசலம் தன் பேரைக் கொடுத்துட்டார்" என்று பாபுவிடம் சொன்னேன். பாபுவிடம் சொன்னால் போதும், அந்த ஒயருக்குத் தெருவே கிடையாது. என் டீயில் ஆடை படிவதற்குள் வசந்தா மேடம் படியேறிப் போவதைப் பார்த்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போனார்.

"நான்தான் சார். பூஜைக்குத் துடைச்சேன். அவருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அந்தக் குழந்தைக்கும் இல்ல" என்றாராம். பின்னாலேயே துப்புரவுப் பெண்கள் வந்தார்கள். "அம்மா சொல்லிச்சு, நாங்கதான் கழட்டினோம்" என்றார்கள். அவர்கள் ஏறி நிற்க நாற்காலி பிடித்த டிரைவர் வந்தார். சந்தனம் அரைத்த கேன்டீன் அம்மாவும் வந்தார். அறையில் நிற்க இடம் இல்லை. நிர்வாக அதிகாரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில், தன் மேசை மேலிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார். அதன் நெற்றியிலும் அவரே வைத்த குங்குமம் இருந்தது.

யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. மேடமே அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். கலைச்செல்வி நிரந்தரம் ஆகி, இன்று லேப்புக்கே பொறுப்பாக இருக்கிறது.

அலமாரிக்குப் பூட்டு வந்தது. அதன் சாவியைத் தணிகாசலம் கொண்டுபோய் வசந்தா மேடத்தின் மேசையில் வைத்தார். "என்கிட்டயா?" என்று திகைத்தார் மேடம். "ஒங்களவிட ஜாக்கிரதையா இனிமே யாரு பாத்துக்கப் போறாங்க? பொட்டு மட்டும் கதவு மேல வெய்ங்க மேடம்" என்றார். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அவர் யார் கை என்று கேட்காததால்தான் நாம் எல்லோரும் நாமாகவே சொன்னோம். நான் துருவித் துருவிக் கேட்பதால்தான் என்னிடம் ஒருவரும் உண்மையைச் சொல்வதில்லை.

போன மாதம் நம் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவர் கிடந்தபோது போய்ப் பார்த்தேன். வாயில் குழாய். பேச முடியாது. என்னைப் பார்த்ததும் விரலைத் தூக்கிச் சுவரைக் காட்டினார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து நர்ஸைக் கூப்பிட்டேன். விரலை ஆட்டி மறுத்தார். சுவரில் முருகன் படம் இருந்தது. கழற்றிக் கண்ணருகே காட்டினேன். கண்ணை மூடித் திறந்தார், தலையில் அடித்துக்கொள்ள முடியாத நிலையில் ஒரு மனிதன் என்ன செய்ய முடியுமோ அந்த மாதிரி. திரும்பவும் சுவரையே காட்டினார். அப்புறம்தான் பார்த்தேன். அவருடைய இதயத் துடிப்பை நர்ஸ் மேசைக்குக் கொண்டுபோகிற ஒயரின் கொக்கி உடைந்து, பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் வேறு ஒயர் கொண்டுவந்து செருகினார். 'க்ளிக்' என்று கேட்டது. அந்தச் சத்தத்துக்காகவே காத்திருந்த மாதிரி அவர் தூங்கிப்போனார்.

குழாயை எடுத்த பிறகு பேசியபோது, "முருகனைக் காட்டி என்னை மேலயே அனுப்பியிருப்ப மச்சான்" என்றார். ஒயரை இடித்தது யார் என்று நான் விசாரித்து வைத்திருந்தேன், சொல்லவும் தொடங்கினேன். கையைத் தூக்கி நிறுத்தினார். ஊசி குத்தியிருந்த கை.

சிங்கப்பெருமாள்கோயில் ஊரில், அவர் வீட்டு வாசலில், அவர் போன அன்று நாம் எல்லோரும் நின்றோம். பில்லிங்காரர்கள், லேப்காரர்கள், செக்யூரிட்டி, கேன்டீன், துப்புரவுப் பெண்கள். ஒரே கட்டடத்தில் இருந்தும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத தெருக்கள். மாமல்லபுரத்திலிருந்தும் வந்திருந்தார்கள். அவர் மனைவி சரளா அண்ணி எல்லோரையும் பார்த்துவிட்டு, "இத்தினி பேரா? அவரு வூட்ல பேசவே மாட்டாரே" என்றார். நம்மிடமும் அவர் அதிகம் பேசியதில்லை. நம் பேச்சைத்தான் ஏற்றிக்கொண்டு போனார்.

இதை எழுத உட்கார்ந்த அன்று ஒன்று நடந்தது. மருந்தகத்து பிரிண்டர் நின்றுவிட்டது. விளக்கு பச்சை. வெளியிலிருந்து வந்த புது இன்ஜினீயர் எடுத்ததும் கேட்டார், "இங்க கேபிளை மாத்தினது யார்?" மருந்தகத்தில் ஆளாளுக்கு மருந்துப் பெட்டியை எண்ணத் தொடங்கினார்கள். மருந்து வாங்க வந்த கலைச்செல்வி அங்கே நின்றிருந்தது. "சார், அத விடுங்க. இந்த ஒயர் முன்னாடி எங்க இருந்துச்சுன்னு கேளுங்க" என்றது. பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல், "அந்தப் பக்கம் ரெண்டாவதுல இருந்துச்சுங்க. ஃபேன் ஒயர் எட்டலைன்னு நான்தான்..." என்று வந்தது.

அது யார் என்று எனக்குத் தெரியும். பாபு இரண்டு முறை கேட்டுவிட்டார். வசந்தா மேடம் ஒருமுறை ஜாடையாகக் கேட்டார். இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. தணிகாசலத்திடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது இதுதான். அந்தப் பெயர் வாயில் சுண்டல் மாதிரி உருள்கிறது. விழுங்கிவிடுவேன்.